இரண்டே மகரந்தத்தாள்

கலிஃபோர்னியாவின் ஆன்சா-பொரேகோ பாலைவனப் பூங்காவில் போன மார்ச்சில் எடுத்த ஒரு படம், தப்பான பெயரோடு ஒரு வருடமாக என் போனில் கிடந்தது. வறண்ட ஓடை மணலில் ஒரு சாண் உயரச் செடி, வெளிறிய மஞ்சளில் கண்ணாடித்தாள் போலப் பூ. போனில் இருக்கும் செயலி 'மென்ட்சீலியா இன்வோலுக்ராட்டா' என்றது. நானும் சரி என்று நோட்டில் எழுதிவிட்டேன்.

சந்தேகம் இலையால் வந்தது. மென்ட்சீலியா இலையில் கொக்கி முடிகள் உண்டு. நாயுருவி மாதிரி துணியைப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு அந்தச் செடிப் பக்கம் மண்டியிட்டுத்தான் படம் எடுத்தேன், பேன்ட்டில் எதுவும் ஒட்டவில்லை.

இந்த மார்ச்சில் மறுபடி போனேன். முதல் நாள் முழுக்கக் காற்று, எடுத்த படமெல்லாம் கலங்கல். மறுநாள் காலை மலையிடுக்கின் வாயில், ஓடை அகன்று மணல் பரந்த இடத்தில், இரண்டு செடியும் பத்தடி இடைவெளியில் நின்றன! அங்கே பூ பறிக்கத் தடை. அதனால் குப்புறப் படுத்து லென்ஸில் பார்த்தேன்.

முதல் பூவில் மகரந்தத்தாள்கள் கொத்தாக, எண்ணி மாளாது. பூவின் அடியில் பச்சை ஓரம் வைத்த வெள்ளைச் செதில்கள். இது மென்ட்சீலியாதான். அடுத்ததில் இரண்டே இரண்டு. இதழ்களும் தனித்தனி இல்லை, அடியில் ஒன்றாகச் சேர்ந்து மேலுதடு கீழுதடாகப் பிரிகின்றன. உள்ளே செம்புள்ளிகள், கீழுதட்டில் ஓர் அடர்சிவப்புத் திட்டு. இலை பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. மொஹாவியா கன்ஃபெர்டிஃப்ளோரா! அங்கே 'பேய்ப்பூ' என்ற பொருளில் கோஸ்ட் ஃப்ளவர் என்பார்கள். நாம் தொட்டியில் வளர்க்கும் ஸ்னாப்டிராகனுக்குச் சொந்தம். மென்ட்சீலியாவோ வேறு குடும்பம்.

வேடம் எதற்கு என்பதுதான் வேடிக்கை. பேய்ப்பூவில் தேன் கிடையாது. மென்ட்சீலியாவுக்கு வந்து பழகிய தேனீக்களை அது இந்தத் தோற்றத்தால் இழுக்கிறது. அந்தச் சிவப்புத் திட்டு ஆண் தேனீக்கு, உள்ளே பெண் தேனீ உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியுமாம். முக்கால் மணி நேரம் காத்திருந்தேன், ஒரு தேனீயும் வரவில்லை. ஏமாந்தது நான் மட்டும்தான்.

நோட்டில் பழைய பெயரை அடித்துவிட்டேன். இதன் சின்னத் தம்பி மொஹாவியா ப்ரெவிஃப்ளோரா டெத் வேலிப் பக்கம் பூக்கும், நல்ல மஞ்சள். அடுத்த வருடம் மழை பெய்தால் அங்கே.