இயல்பாத்தானே இருக்கேன்

"சார், கொஞ்சம் இயல்பா இருங்க" என்றேன்.

"இயல்பாத்தானே தம்பி இருக்கேன்" என்றார்.

இவ்வளவுதான் பேச்சு. எட்டு மாதமாகியும் என்னை விடமாட்டேன் என்கிறது.

குடும்பப் படம் எடுக்கப் போயிருந்தேன். அயனாவரத்தில் ஒரு வீட்டு ஹால், மூன்று தலைமுறை, பதினோரு பேர். "போஸே வேண்டாம், கேன்டிட்டா இருக்கணும்" என்று வீட்டுப் பெரியவரின் மகள் போனிலேயே சொல்லியிருந்தார். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஒரு கேன்டிட் படத்துக்குள் எத்தனை போஸ் ஒளிந்திருக்கிறது என்பது எங்களுக்குத்தான் தெரியும். பாரத்தை ஒரு காலில் போடச் சொல்வோம். கைக்கு ஏதாவது வேலை கொடுப்போம். பேரனுக்குக் காலர் சரிசெய்வது, வளையலைத் தள்ளிவிடுவது. 'சிரிங்க' என்று மட்டும் சொல்லவே மாட்டோம். சொன்னால் வாய் விரியும், கண் அப்படியே கிடக்கும். கூட்டத்தில் யாராவது கண் மூடிவிடுவார் என்பதால் எல்லோரையும் மூடச் சொல்லி, மூன்று எண்ணித் திறந்ததும் எடுப்போம்.

பெரியவர் இதில் எதற்கும் மசியவில்லை. ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டியிருக்க, லென்ஸை நேராகப் பார்த்து நின்றார். சட்டைப் பையில் பேனா, கண்ணாடிக் கூடு. பையின் அடியில் துவைத்துத் துவைத்து வெளுத்த ஒரு மசிக்கறை. "அப்பா, இதெல்லாம் எதுக்கு" என்று மகள் இரண்டையும் உருவிக்கொண்டார். அவர் கை தானாகப் பைக்குப் போய், காலியாக இருப்பதைத் தடவிவிட்டு, மறுபடி தொடைக்கே திரும்பியது.

அவரைக் குறை சொல்ல முடியாது. அப்படி நிற்கப் பழக்கியதே எங்கள் தொழில்தான். 1839-ல் பிரெஞ்சுக்காரர் டாகுவேர் தன் புகைப்பட முறையை வெளியிட்ட காலத்தில் படத்துக்கு நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. அப்புறம் ஸ்டுடியோக்களில் தலை ஆடாமலிருக்கப் பின்னால் இரும்புத் தாங்கியே வைத்தார்கள். பெரியவர் இளவயதில் பார்த்திருக்கக்கூடிய 120 பிலிம் ரோலில், சதுரப் படமென்றால் பன்னிரண்டுதான். ஒன்று வீணானாலும் காசு. 'ஆடாதீங்க' என்று அதட்டத்தான் செய்வார்கள். நான் அன்று ஒரு மணி நேரத்தில் நானூறு கிளிக் செய்தேன்.

அப்புறம்தான் அதைச் செய்தேன். கடைக்குட்டிப் பேத்தியின் காதில் ஒன்று சொல்லிவிட்டு கேமராவுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டேன். "தாத்தா, பாட்டி கோபம் வந்தா உங்களை என்ன பேர் சொல்லித் திட்டுவாங்க?" என்று அவள் ஊருக்கே கேட்கும்படி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான். தலை பின்னால் சாய, பல் செட் முழுக்கத் தெரிய. உடனே கையால் வாயை மூடிக்கொண்டார். அதற்குள் எடுத்துவிட்டேன்.

மகள் படத்தைப் பார்த்து அழுதேவிட்டார். "அப்பா இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை." அதை அன்று பாராட்டாக எடுத்துக்கொண்டேன். பெரிய பிரேம் போட்டுக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து, ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லாமல், தேர்வாகாத படங்களை அழித்தேன். வழக்கமாகச் செய்வதுதான்.

அதற்கப்புறம் பெரியவரின் மனைவி, அந்த அம்மா, போன் செய்தார். "தம்பி, அவர் சும்மா நிக்கிற படம் ஒண்ணு இருக்குமா?"

"இதுதானேம்மா நல்லாருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. வர்றவங்க எல்லாம் அதான் சொல்றாங்க. ஆனா நாப்பத்தாறு வருஷமா நான் பார்க்கிற மனுஷன் அதுல இல்லையே."

கேட்டது மகள், பணம் கொடுத்ததும் மகள். கேட்டதைத்தான் கொடுத்தேன். அந்தச் சிரிப்பும் பொய்யில்லை, அவர் முகத்தில் வந்ததுதான். ஆனால் 1/125 நொடி வந்துபோன ஒரு முகம். சரி, எந்தப் படம்தான் அப்படி இல்லை? விறைப்பாக நின்றதும் என்றோ எவனோ ஸ்டுடியோவில் கற்றுக்கொடுத்த போஸ்தானே என்றும் வாதாடிப் பார்க்கிறேன். ஆனால் ஒருவர் ஆயுள் முழுக்க அதே போஸில் இருந்துவிட்டால் அதை வேறு என்னவென்று சொல்வது? வாயைப் பொத்திய அந்தக் கையை நான் பார்க்கத்தான் செய்தேன். பார்த்துவிட்டுத்தான் படத்தை மகளிடம் காட்டினேன்.

போன மாதம் காசு வாங்காமல் மறுபடி எடுத்துத் தருகிறேன் என்று போனேன். பேனாவும் கண்ணாடிக் கூடும் பையில் இருந்தன. "சார், எப்பவும் போல நில்லுங்க, போதும்" என்று கேமராவைத் தூக்கினேன். அவர் வாய் மெல்ல விரிந்தது. கண் அப்படியே இருந்தது.

"சிரிக்க வேண்டாம் சார்."

"சிரிச்சாத்தானே தம்பி உங்களுக்குப் பிடிக்கும்?"

அறுபது படம் எடுத்தேன். அறுபதிலும் அதே சிரிப்பு. அந்த அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"விடுங்க தம்பி, காபி ஆறுது" என்றார்.