வயர்கார்டு டனல்: சாவிச் சின்னத்தை நம்பாதீர்கள்

வயர்கார்டு என்பது ஒரு விபிஎன்: போனுக்கும் நம் சர்வருக்கும் இடையே டனல் என்னும் மறைகுறியிட்ட இணைப்பை அமைக்கும். ஆண்ட்ராய்டு போனில் அதன் ஆப்பின் பொத்தானைத் தள்ளியதும் மேலே சாவிச் சின்னம் வந்துவிடும். ஐபோனில் விபிஎன் என்று காட்டும். பலர் அதைப் பார்த்து டனல் சேர்ந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். போன் தன் பக்கத்தில் ஒரு மெய்நிகர் நெட்வொர்க் வாசலைத் திறந்திருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். மறுமுனையில் சர்வர் இல்லாவிட்டாலும் அந்தச் சின்னம் வரும்.

காரணம் வயர்கார்டின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. பயனர் பெயர், கடவுச்சொல் கேட்டு உள்ளே விடும் பழக்கம் அதற்கில்லை. அனுப்ப ஏதாவது இருக்கும்போதுதான் ஹேண்ட்ஷேக், அதாவது இரு முனைகளும் சாவிகளைச் சரிபார்க்கும் முதல் பரிமாற்றம், செய்யும். சாவி பொருந்தாத பாக்கெட் (தரவுத் துண்டு) வந்தால் சர்வர் மறுப்புக்கூடச் சொல்லாது, வாயே திறக்காது. போர்ட்டுகளை (சர்வரின் எண்ணிட்ட வாசல்களை) தட்டிப் பார்க்கும் அந்நியர்களின் கண்ணில் படாமல் இருக்க இது மிக நல்ல குணம். ஆனால் நாம் ஒரு எழுத்தைத் தப்பாகப் போட்டிருந்தாலும் கிடைப்பது அதே மௌனம்தான். ஆகவே முதலில் கவனமாக அமைக்க வேண்டும், பிறகு எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும்.

ஆப்பில் கூட்டல் குறியைத் தொட்டால் மூன்று வழிகள் வரும்: கோப்பு, கியூஆர் குறி, புதிதாக உருவாக்குவது. முடிந்தால் மூன்றாவதை எடுங்கள். ரகசியமான தனிச்சாவி, மறுமுனைக்குக் கொடுக்கும் பொதுச்சாவி என்ற ஜோடி போனிலேயே பிறக்கும், தனிச்சாவி போனை விட்டு வெளியே போகாது. பொதுச்சாவியை மட்டும் சர்வரில் சேர்த்தால் போதும். கியூஆர் வழியில் தனிச்சாவி அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கேலரி வழியாகக் கிளவுடுக்கும் போய்ச் சேரலாம். எந்தச் சாவியானாலும் 44 எழுத்துகள், கடைசி எழுத்து சமக்குறி. நகலெடுக்கும்போது அந்தச் சமக்குறி விடுபடுவது அடிக்கடி நடக்கிறது. ஒரே சாவியை இரண்டு போன்களில் போடவும் கூடாது. கடைசியாகப் பேசியவர் எந்த முகவரியிலிருந்து பேசினாரோ அங்கேதான் சர்வர் பதில் அனுப்பும். இரண்டு போன்களும் மாறி மாறி அறுந்துகொண்டே இருக்கும்.

இண்டர்ஃபேஸ் (போனின் பக்கம்) பகுதியில் முகவரி என்பது டனலுக்குள் இந்தப் போனின் ஐபி, அதாவது நெட்வொர்க் முகவரி. உதாரணமாக 10.73.5.2/32. /32 என்றால் ஒரே ஒரு முகவரி. 192.168.1 என்று தொடங்கும் வரிசையைத் தவிருங்கள். வீட்டு ரவுட்டர்கள் நிறைய அதையே பயன்படுத்துகின்றன. வெளியே ஏதோ ஒரு வைஃபையிலும் அதே வரிசை இருந்தால், எந்தப் பாக்கெட் எங்கே போக வேண்டும் என்பதில் குழப்பம் வரும். கேட்கும் போர்ட்டைக் காலியாக விடுங்கள், போன் தானே ஒன்றை எடுத்துக்கொள்ளும். டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சர்வர்) இடத்தைக் காலியாக விடாதீர்கள். எல்லாப் போக்குவரத்தும் டனலுக்குள் போகும்போது, வைஃபை தந்த டிஎன்எஸ் முகவரிக்கு அங்கிருந்து வழி இருக்காது. ஐபி எண்ணைப் போட்டால் திறக்கும், பெயரைப் போட்டால் திறக்காது. ஆண்ட்ராய்டில் 'பிரைவேட் டிஎன்எஸ்' அமைப்பில் ஒரு வழங்குநரின் பெயரைக் கொடுத்திருந்தால், பெயர்க் கேள்விகள் அவரிடமே போகும். வீட்டுக்குள் மட்டும் செல்லும் பெயர்கள் திறக்கவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

பியர் (மறுமுனை) பகுதியில் வர வேண்டியது சர்வரின் பொதுச்சாவி. போனின் பொதுச்சாவியையே இங்கும் ஒட்டிவிடுவது மிகச் சாதாரணமான தவறு. எண்ட்பாயிண்ட் என்பது சர்வரின் முகவரி, முக்காற்புள்ளி, போர்ட், வழக்கமாக 51820. பெயரைக் கொடுத்திருந்தால் டனலைப் போடும்போது ஆப் அதற்கான ஐபியைத் தேடி எடுக்கும். நடுவில் வீட்டு இணைப்பின் ஐபி மாறிவிட்டால் ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

இனி அலவுட் ஐபிஸ். பிழைகளில் பாதி இந்த ஒரு வரியில்தான் பிறக்கிறது. இதை அனுமதிப் பட்டியலாக மட்டும் பார்ப்பதால் வரும் வினை. இந்த வரி இரண்டு வேலை செய்கிறது. வெளியே போகும்போது அது வழிகாட்டி: இந்த முகவரிகளுக்கான பாக்கெட் இந்தப் பியருக்குப் போகட்டும். உள்ளே வரும்போது அது காவல்: இந்தப் பியரிடமிருந்து வரும் பாக்கெட்டின் மூல முகவரி இந்த வரிசைக்குள் இல்லையென்றால் தூக்கி எறி.

போனில், எல்லாமே டனல் வழியாகப் போக வேண்டும் என்றால் 0.0.0.0/0 (எல்லா ஐபிவி4 முகவரிகளும்) என்றும் ::/0 (எல்லா ஐபிவி6 முகவரிகளும்) என்றும் இரண்டையும் எழுதுங்கள். முதலாவதை மட்டும் எழுதினால் ஐபிவி6 போக்குவரத்து டனலுக்குள் வராது. வீட்டுக் கணினியை மட்டும் எட்டினால் போதும் என்றால் டனலின் வரிசையும் வீட்டின் வரிசையும் போதும். சர்வரில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு போனுக்கும் அதன் ஒற்றை முகவரியை /32 என்று எழுத வேண்டும். இரண்டு போன்களுக்கும் 10.73.5.0/24 (10.73.5 என்று தொடங்கும் எல்லா முகவரிகளும்) என்று எழுதினால், அந்த வரிசை கடைசியாக எழுதப்பட்டவருக்கே சொந்தமாகும். ஒரு வரிசை ஒரு பியருக்கு மட்டுமே உரியது. அதனால்தான் இரண்டாவது போனைச் சேர்த்த உடனே முதல் போன் வேலை செய்யாமல் போகிறது. ஹேண்ட்ஷேக் மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டே இருக்கும் என்பதால் சந்தேகம் இந்த வரியின் மேல் விழுவதே இல்லை.

கீப்அலைவ் (இடைவெளி விட்டு வெற்றுப் பாக்கெட் அனுப்புவது) இடத்தில் 25 வினாடி என்று போடச் சொல்லி எங்கும் எழுதியிருப்பார்கள். வெளியிலிருந்து போனை நோக்கித் தொடர்பு வர வேண்டியிருந்தால்தான் அது தேவை. நடுவிலிருக்கும் நாட் (பல சாதனங்களை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைக்கும் முகவரி மாற்றம்) தன் பதிவை அழித்துவிடாமல் அது காக்கிறது. போன்தான் எப்போதும் பேச்சைத் தொடங்கும் என்றால் காலியாக விடுங்கள், பேட்டரி மிஞ்சும்.

அமைத்தாயிற்று, டனலைப் போட்டு ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லையென்றால் ஆப்பில் டனலின் பெயரைத் தொட்டு, அனுப்பியது பெற்றது என்ற இரு எண்களையும் பாருங்கள். ஹேண்ட்ஷேக் தொடக்கப் பாக்கெட் 148 பைட், பதில் 92 பைட். அனுப்பியது 148, 296, 444 என்று சுமார் 5 வினாடிக்கு ஒருமுறை ஏறி, பெற்றது பூச்சியத்திலேயே நின்றால் ஹேண்ட்ஷேக் நடக்கவில்லை. சர்வரின் ஃபயர்வாலில் யூடிபி (வயர்கார்டு தரவு அனுப்பும் முறை) போர்ட் திறந்திருக்கிறதா, தவறுதலாக டிசிபி என்ற வேறு முறையைத் திறந்துவிட்டு வந்தீர்களா, ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (அந்தப் போர்ட்டுக்கு வருவதைச் சர்வருக்குத் திருப்புவது) செய்தீர்களா, இரண்டு பொதுச்சாவிகளும் இடம் மாறாமல் இருக்கின்றனவா என்று இதே வரிசையில் பாருங்கள். இணைய நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபியைப் பகிர்ந்து கொடுத்திருந்தால் ரவுட்டரில் என்ன செய்தும் பயனில்லை. பொது ஐபி உள்ள இன்னொரு சர்வர் வேண்டும். வயர்கார்டு யூடிபியில் மட்டுமே ஓடும். மொபைல் டேட்டாவில் சேர்ந்து அலுவலக வைஃபையில் மட்டும் சேரவில்லையென்றால் அங்கே யூடிபியை அடைத்திருக்கக்கூடும். சர்வரின் போர்ட்டை 443க்கு மாற்றிப் பார்க்கலாம், சில இடங்களில் கடந்துவிடும்.

பெற்றது ஏறுகிறது, இணையம் மட்டும் இல்லை என்றால் சாவிகளைத் தொடாதீர்கள். சர்வரில் ஐபி ஃபார்வர்டிங் (போனின் பாக்கெட்டை இணையத்துக்குக் கடத்தும் அமைப்பு) போட்டிருக்கிறதா, நாட் விதி இருக்கிறதா என்று பாருங்கள். ரீபூட்டுக்குப் பிறகு நின்றுபோனால் இந்த இரண்டில் ஒன்று நிரந்தரமாகச் சேமிக்கப்படவில்லை.

பிங் போகிறது, அரட்டைச் செய்தி போகிறது, பெரிய பக்கங்கள் மட்டும் பாதியில் தொங்குகின்றன என்றால் காரணம் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. வயர்கார்டின் உறை ஐபிவி4ல் 60 பைட்டும் ஐபிவி6ல் 80 பைட்டும் எடுக்கும்; 1500லிருந்து 80 போனால் 1420, லினக்ஸ் சர்வர்களில் வழக்கமான எண் அதுதான். நடுவில் சிறிய பாக்கெட்டுகளை மட்டும் ஏற்கும் பாதை ஒன்று இருந்தால் அதுவும் பெரிதாகிவிடும். 1280 என்று போட்டுப் பாருங்கள். ஐபிவி6 ஏற்கும் மிகச் சிறிய அளவு அது, சற்று வேகம் குறைந்தாலும் தொங்காது.

டனல் நிலையாக ஓடத் தொடங்கிய பிறகே ஆண்ட்ராய்டின் விபிஎன் அமைப்பில் 'எப்போதும் இயங்கு' என்பதைப் போடுங்கள். 'விபிஎன் இல்லாமல் இணைப்பைத் தடு' என்பதையும் சேர்த்தால் டனல் விழும்போது ஆப்களின் போக்குவரத்து வெளியே கசிவது பெரும்பாலும் தடுக்கப்படும். ஐபோனில் ஆன் டிமாண்ட் உண்டு. நம்பகமான வைஃபை பெயர்களை விலக்கிவிட்டு மற்ற இடங்களில் தானாக ஏறும்படி வைக்கலாம். பொது வைஃபையின் உள்நுழைவுப் பக்கம் வரவில்லையென்றால் டனலை அணைத்து, உள்நுழைந்து, மறுபடி போடுங்கள்.

எல்லாம் சரி, நேற்றுவரை ஓடியது, இன்று மட்டும் ஹேண்ட்ஷேக் நடக்கவில்லை என்றால் போனின் தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு தொடக்கப் பாக்கெட்டிலும் நேர முத்திரை இருக்கிறது. ஏற்கெனவே பார்த்ததைவிடப் பழைய நேரத்தோடு வந்தால், யாரோ பழைய பாக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று சர்வர் ஒதுக்கிவிடும். போனின் தேதி ஒருமுறை முன்னே ஓடி, பிறகு சரியான நேரத்துக்குத் திரும்பியிருந்தால் இப்படித்தான் ஆகும். சர்வரில் அந்தப் பியரை நீக்கி, அதே சாவியோடு மறுபடி சேர்த்தால் பழைய முத்திரை மறந்துபோகும், டனல் உடனே சேரும்.