புள்ளிருக்குவேளூரில் ஒரு புது அரைஞாண்

ஆபரேஷன் அன்று காலை நர்ஸ் கத்தரிக்கோலோடு வந்தபோதுதான் அத்தைக்கு முதன்முதலாகக் கண் கலங்கியது. பையன் இடுப்பில் கிடந்த கறுப்பு அரைஞாணை எடுக்க வேண்டும். "தையல் போடுற இடத்துக்குப் பக்கத்துலயே உரசும்மா" என்றார் நர்ஸ். அத்தை அவிழ்க்கப் பார்த்தார். பெயர் வைத்த அன்று போட்ட முடிச்சு. எண்ணெயும் பால்வாடையும் ஏறி இறுகிப்போயிருந்தது. கடைசியில் கத்தரிதான். தொப்புள்கொடி வைத்து அடைத்த வெள்ளித் தாயத்தோடு அந்தக் கயிற்றை முந்தானையில் முடிந்துகொண்டார். யாரோடும் பேசவில்லை.

பயலுக்கு அப்போது நாலு மாதம். குளிப்பாட்டும்போது வலது பக்க அரையில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கத்தைப் பார்த்தவரும் அத்தைதான். அழுதால் புடைக்கும், தூங்கினால் இருந்த இடம் தெரியாது. வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்தோம். இரண்டு வாரம் அப்படியே போயிற்று. தஞ்சாவூரில் டாக்டர் ஒரு விரலால் தடவிப் பார்த்துவிட்டு, குடலிறக்கம் என்றார். கருவில் இருக்கும்போது விதை வயிற்றுக்குள்ளிருந்து கீழே இறங்க ஒரு வழி இருக்குமாம். பிறக்கும் சமயத்தில் அது மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் விட்டால் குடல் அந்த வழியே எட்டிப்பார்க்கும். பெரியவர்களுக்குப் போல வலை எதுவும் வைக்க வேண்டாம், குடல் இறங்கும் பையின் கழுத்தைக் கட்டிவிட்டால் போதும். "ஆனா தானா மூடாது. குடல் மாட்டிக்கிட்டு வீக்கம் கல்லு மாதிரி ஆகி, குழந்தை வாந்தி எடுத்தா அப்புறம் ராத்திரி பகல் பார்க்காம ஓடி வரணும். அதுக்கு முன்னாடியே செஞ்சுடலாம்" என்றார்.

கும்பகோணம் திரும்பும் வழியெல்லாம் அத்தை ஒரே பேச்சுதான். "முதல்ல வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போவோம். பச்சைப் பிள்ளையைக் கத்தியில குடுக்கறதா?" என் கணவர் வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னார்: "அவரும் வைத்தியர்தானேம்மா. ஒரு வைத்தியர் இன்னொரு வைத்தியர்கிட்ட அனுப்பறதில்லையா?" அத்தை பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் துணியில் பதினோரு ரூபாய் முடிந்து சாமி படத்தின் பின்னால் வைத்தார். சம்மதம் என்று அர்த்தம்.

தாய்ப்பாலை நாலு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். ஏழு மணிக்கு ஆபரேஷன் என்றதால் விடிகாலை மூன்று மணிக்குக் கடைசியாகக் கொடுத்தேன். நடுவில் ஓர் அவசர கேஸ் வந்து எங்கள் முறை ஒன்பதரைக்குப் போய்விட்டது. என் மடியில் இருந்தால் பால்வாசனைக்கு இன்னும் அதிகமாகக் கத்தினான். அத்தை கையில் கொடுத்துவிட்டு மாடிப்படியில் போய் நின்றேன். கதவு மூடியிருந்தும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு அழுகைக்கும் எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்து, புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் வேண்டிக்கொள்ளக்கூட வரவில்லை. மொட்டை, காது குத்து, அர்ச்சனை எதுவும் நினைவில் இல்லை. "வந்துடறேன்" என்று மட்டும் சொன்னேன்.

அரைமணி என்றார்கள், ஐம்பது நிமிஷம் ஆயிற்று. வெளியே வந்தவனின் தொடை மடிப்புக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் ஒரு பிளாஸ்திரி. அவ்வளவுதான். மறுநாள் வீடு.

தையல் ஆறி, டாக்டர் பார்த்து அனுப்பி, ஆறாம் மாதம் பிறந்த பிறகுதான் சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடிந்தது. செவ்வாய்க்கிழமை செவ்வாய் பகவானான அங்காரகனுக்காகக் கூட்டம் அள்ளும் என்பதால் புதன்கிழமை வைத்தீஸ்வரன்கோயிலுக்குக் கிளம்பினோம். மயிலாடுதுறை தாண்டி சீர்காழிச் சாலை. காரிலிருந்து கால் வைப்பதற்குள் "நாடி பார்க்கலாம், வாங்க" என்று ஓலை ஜோசியத்துக்குக் கூப்பிட இரண்டு பேர். அவனுக்கு ஓலை வேண்டாம், பால்தான் வேண்டும் என்று சொல்லத் தோன்றியது.

பூஜைக் கடையில் உறுப்புத் தகடுகளைத் தட்டில் பரப்பியிருந்தார்கள். கண், கை, கால், வயிறு. உண்டியலில் போடுவதற்கு. குடலிறக்கத்துக்கு எதை வாங்குவது? கடைக்கார அம்மா விவரம் முழுக்கக் கேட்டுவிட்டு, "எதுக்கும்மா துண்டு துண்டா? முழுப் பிள்ளையாவே போடு" என்று ஒரு குழந்தை உருவத்தை எடுத்துக் கொடுத்தார். அத்தை அங்கேயே ஒரு கறுப்பு அரைஞாணும் வாங்கினார்.

சித்தாமிர்த தீர்த்தத்தில் வெல்லம் கரைத்தோம். உப்பும் மிளகும் காணிக்கை. சடாயு குண்டத்துத் திருநீற்றை அவன் நெற்றியில் இட்டேன். இராமன் சடாயுவுக்கு ஈமக்கடன் செய்த இடம் என்பது தல வரலாறு. புள்ளாகிய சடாயு, இருக்கு வேதம், வேளாகிய முருகன், ஊராகிய சூரியன், நால்வரும் வழிபட்டதால் இந்த ஊருக்குப் புள்ளிருக்குவேளூர் என்று பழைய பெயர். மேற்குப் பார்த்த சந்நிதியில் வைத்தியநாதர். இவரைத்தான் மந்திரமும் தந்திரமும் மருந்தும் ஆனவர் என்று அப்பர் பாடினார். மூன்றையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார் பாருங்கள். அத்தையின் மஞ்சள் முடிப்பும் டாக்டரின் கத்தியும் அந்த வரியில் சண்டையில்லாமல் அடங்கிவிட்டன.

நான் அதிக நேரம் நின்றது தையல்நாயகி முன்னால். அங்காரகனின் நோய் தீர்க்க வைத்தியர் வந்தபோது, தைலப் பாத்திரம் ஏந்தி அம்பாளும் கூடவே வந்தாளாம். அன்று ராத்திரி டார்ச்சோடு மணிக்கொரு தரம் வந்து, குழந்தையின் மூச்சை எண்ணி எழுதிக்கொண்டு போன நர்ஸின் முகம் ஞாபகம் வந்தது. பெயர் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

பிரசாதமாகத் திருச்சாந்து உருண்டை கிடைத்தது. 4448 நோய்க்கும் மருந்து என்பார்கள். ஆறு மாதப் பிள்ளைக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அத்தை என் முகத்தைப் பார்த்தார், உருண்டையைப் பார்த்தார். "நமக்குத்தான் முதல்ல தேவை" என்று ஆளுக்கொன்று விழுங்க வைத்தார்.

கடைசியாகச் செல்வமுத்துக்குமாரசுவாமி சந்நிதி. இவரைக் குழந்தையாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடியவர் குமரகுருபரர். தரிசனம் முடிந்து, ஓரமாகத் துண்டை விரித்துப் பையனைக் கிடத்தினோம். அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பழைய கயிற்றிலிருந்த தாயத்தை எடுத்துப் புதுக் கயிற்றில் கோத்தார். இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து முடிச்சுப் போடப் போகும்போது ஒரே புரட்டு. குப்புற விழுந்து, ஒரு காலை மடக்கி, இரண்டு கையையும் ஊன்றி, தலையைத் தூக்கிச் சந்நிதியைப் பார்த்து ஆடினான். சாட்சாத் பிள்ளைத்தமிழில் வரும் செங்கீரைப் பருவம். தையல் போட்ட நாட்களில் இவன் எங்கே கவிழ்ந்துவிடுவானோ என்று இரண்டு பக்கமும் தலையணை வைத்துக் காவல் இருந்தவர் அத்தை. இப்போது கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்தபடி அவனோடு தவழ்ந்துகொண்டிருந்தார்.

"இருடா தங்கம், ஒரு முடிச்சு போட்டுடறேன்."

அவன் இருக்கவில்லை.