மூச்சு வாங்குவது எப்போது ஆரம்பித்தது?

நெஞ்சு சி.டி. ஸ்கேன் எடுக்க வருகிறவர்களிடம், மேசையில் படுக்கும் முன்பே இதைக் கேட்டுவிடுவேன். டாக்டர் கொடுத்த சீட்டில் பெரும்பாலும் 'இருமல், ஐ.எல்.டி.யா?' என்று ஒரு வரிதான் இருக்கும். நுரையீரலின் காற்றறைகளைச் சுற்றியுள்ள மெல்லிய திசுவில் அழற்சியோ தழும்போ வரும் பல நோய்களுக்கு இண்டர்ஸ்டீஷியல் லங் டிசீஸ், சுருக்கமாக ஐ.எல்.டி., என்பது பொதுப்பெயர். அந்த ஒரு வரியை வைத்து ரிப்போர்ட் எழுத எனக்கு மனசு வராது.

கிரவுண்ட் கிளாஸ் என்று நாங்கள் எழுதும் மங்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஓடும் ரத்தக்குழாய்கள் தெரிகிற அளவுக்கு லேசான வெண்மை. நாலு நாள் காய்ச்சலோடு வந்தவருக்கு அது தொற்றாக இருக்கலாம். மாதக்கணக்கில் வறட்டு இருமல், கூடவே விரல் மூட்டுகளில் வீக்கம் என்றால் யோசனை வாத நோய் பக்கம் போகும். ஏற்கெனவே தழும்பேறிய நுரையீரலில் புதிதாக இந்த மங்கல் பரவி, சில நாட்களிலேயே மூச்சுத்திணறலும் கூடியிருந்தால், ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திருக்க மாட்டேன். டாக்டருக்கு உடனே போன்தான்.

ஒரு அம்மாவின் படத்தில் கறுப்பும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. வழக்கமாக மூச்சை முழுக்க இழுத்துப் பிடிக்கச் சொல்லித்தான் எடுப்போம். அவரை மூச்சை விட்டு நிறுத்தச் சொல்லி மறுபடி எடுத்தோம். காற்று வெளியேறினால் நுரையீரல் வெளுக்க வேண்டும். கறுப்புத் திட்டுகள் அப்படியே நின்றன. சின்ன மூச்சுக்குழாய்களில் காற்று சிக்கியிருக்கிறது. "வீட்டில் பறவை ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டேன். ஏசி பெட்டி மேல் புறா கூடு கட்டியிருக்கிறது, எச்சத்தை தினமும் தான்தான் சுத்தம் செய்வதாகச் சொன்னார். ஒவ்வாமையால் வரும் ஹைப்பர்சென்சிடிவிட்டி நிமோனைட்டிஸாக இருக்கலாம் என்று எழுதும்போது புறாவையும் சேர்த்தே எழுதினேன்.

படத்தில் தழும்பு கொஞ்சம்தான், ஆனால் நாலு படி ஏறவே முடியவில்லை என்பவர்களும் உண்டு. அப்போது மேல்பகுதியில் காற்றறைகள் சிதைந்துபோகும் எம்பிசிமா இருக்கிறதா, நுரையீரல் தமனி பருத்திருக்கிறதா என்று திரும்பப் போய்ப் பார்ப்பேன். தழும்பும் எம்பிசிமாவும் சேர்ந்திருந்தால் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி ஓரளவு சரியாகவே காட்டும், நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு போகிறது என்று அளக்கும் டி.எல்.சி.ஓ. பரிசோதனையில்தான் குறை தெரியும். படத்தில் தெரியும் மாற்றம் கொஞ்சம்தான் என்பதற்காக மூச்சு வாங்குவதைப் பதற்றம் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்கவே முடியாது.

2022-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் இதில் எனக்குப் பெரிய ஆறுதல். காரணம் தெரியாமல் நுரையீரல் தழும்பேறும் ஐ.பி.எஃப். அல்லாத மற்ற ஐ.எல்.டி.யில் தழும்பு முற்றுகிறதா என்று முடிவு செய்ய மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள்: அறிகுறி, மூச்சுப் பரிசோதனை, சி.டி. வேறு காரணம் இல்லாமல் ஓராண்டுக்குள் இதில் இரண்டு மோசமாகியிருக்க வேண்டும். நோயாளி வாயால் சொல்வதற்கும் படத்துக்கும் அங்கே சம இடம்.

அதனால், ஸ்கேனுக்குப் போகும்போது எந்த வேலையில் மூச்சு வாங்குகிறது, போன வருடம் எப்படி இருந்தது, என்னென்ன மாத்திரை, என்ன தொழில் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பழைய ஸ்கேன் இருந்தால் ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்கள் உள்ள டிஸ்க்கும் வேண்டும்.