மேல்வீட்டுத் தரை, கீழ்வீட்டுக் கூரை: என் 7 வருட ஆராய்ச்சி

2017-இல் பகுதிநேர பி.ஹெச்.டி.க்குப் பதிவு செய்தபோது என்னிடம் இருந்தது ஒரு தலைப்பும் ஒரு கேள்வித்தாளும்தான். பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பராமரிப்பு ஏன் நடப்பதில்லை என்பது தலைப்பு. கட்டுமான மேலாண்மை படித்தவர்களுக்கு இந்தப் பாதை நன்றாகவே தெரியும்: பழைய கட்டுரைகளிலிருந்து 40, 50 காரணங்களைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் கேட்டு, பொறியாளர்களுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் அனுப்பி, வந்த மதிப்பெண்களைக் கூட்டி, 5 ஆல் பெருக்கிய ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து வரிசைப்படுத்தினால் 'ஒப்பீட்டு முக்கியத்துவக் குறியீடு' கிடைத்துவிடும். பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் க்ரான்பாக் ஆல்ஃபா என்ற எண் 0.7-ஐத் தாண்டினால் கேள்வித்தாள் நம்பகமானது என்று ஒரு பத்தி எழுதிவிடலாம். நானும் அதைத்தான் செய்தேன். முதலிடத்தில் 'நிதிப் பற்றாக்குறை' வந்தது.

2019-இல் நடந்த டி.சி. மீட்டிங்கில், அதாவது ஆராய்ச்சியைக் கண்காணிக்கும் டாக்டோரல் கமிட்டியின் கூட்டத்தில், இதைக் காட்டினேன். கமிட்டியில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் எல்லா ஸ்லைடும் முடியும் வரை பேசாமல் இருந்துவிட்டு, "இதுல எந்தக் கட்டடத்தையாவது நீங்க தொட்டுப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அன்று இரவு கைடுக்கு போன் செய்து, கள ஆய்வு செய்யப் போகிறேன், இன்னும் 2 வருடம் கூட ஆகலாம் என்று சொன்னேன். சரி என்றார். அந்தச் 'சரி'க்கு நான் இன்றும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான கைடுகள் அந்த இடத்தில் இருப்பதை எழுதி முடிக்கத்தான் சொல்வார்கள்.

கட்டடம் கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை. சென்னையில் கடற்கரையை ஒட்டிய பகுதியில், 1980-களில் கட்டிய மூன்று மாடிக் குடியிருப்புகளைத் தேடினேன். எங்கே போனாலும் சங்கச் செயலாளருக்கு ஒரே பயம்தான்: ரிப்போர்ட்டில் 'ஆபத்தானது' என்று எழுதிவிட்டால் வீட்டை விற்க முடியாது, வாடகைக்கும் ஆள் வராது. கட்டடத்தின் பெயரும் தெருவும் எங்கும் வராது என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் மூன்று இடங்களில் அனுமதி கிடைத்தது. இந்த வேலையில் இறங்குகிறவர்கள் அந்தக் கடிதத்தை முதல் நாளே கையில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது புரிவதற்கு ஐந்து மாதம் ஆனது. அப்புறம் கொரோனா வந்து எல்லாம் நின்றுபோனது. 2021-இல்தான் கருவிகளோடு உள்ளே போனேன்.

முதலில் எடுத்துப்போனது ரீபவுண்ட் ஹேமர், காங்கிரீட்டில் மோதித் திரும்பும் வேகத்தை வைத்துப் பலத்தை மதிப்பிடும் சுத்தியல். பூச்சை எடுத்துவிட்டு, காங்கிரீட்டைக் கல்லால் தேய்த்துச் சமமாக்கி, சுத்தியலை அழுத்தி எண்ணைக் குறிக்க வேண்டும். எண்கள் ரொம்ப நன்றாக வந்தன, 35 வருடக் கட்டடத்துக்கு இவ்வளவு பலமா என்று சங்கத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கோ சந்தேகம். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடு காங்கிரீட்டுக்குள் இறங்கி அதன் சுண்ணாம்புச் சத்தோடு சேரும்போது மேற்பரப்பு கெட்டியாகிவிடும். அதனால் பழைய காங்கிரீட்டில் சுத்தியல் கூடுதலாகத்தான் காட்டும். பொதுவாகவே இந்தச் சோதனையை வைத்துச் சொல்லும் பலம் 25 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்று ஐ.எஸ். 13311 என்ற பழைய இந்தியத் தரநிலை சொன்னது.

காங்கிரீட் இப்படிக் கெட்டியாகும்போதே அதன் காரத்தன்மையும் குறைகிறது, அசல் ஆபத்து அங்கேதான். நல்ல காங்கிரீட்டின் பி.எச். 12.5-க்கு மேல் இருக்கும், அந்தக் காரத்தில் கம்பியின் மேல் ஒரு மெல்லிய படலம் உண்டாகித் துருவைத் தடுக்கும். பி.எச். 9 பக்கம் இறங்கினால் படலம் போய்விடும். இதைப் பார்க்க ஃபீனால்ஃப்தலீன் போதும்: புதிதாக உடைத்த இடத்தில் தெளித்தால் காரம் இருக்கும் பகுதி ரோஸ் நிறமாகும், போன பகுதி நிறம் மாறாது. ஒரு விஷயம், துளையிட்ட தூசியைச் சுத்தமாக ஊதி எடுக்காவிட்டால் உள்ளே இருந்து வந்த தூசி வெளிப்பகுதியில் ஒட்டி அங்கேயும் ரோஸ் காட்டும். என் முதல் நாள் அளவுகள் முழுவதையும் இதனாலேயே தூக்கிப்போட வேண்டியிருந்தது.

காரம் போன பகுதியின் ஆழம் வருடங்களின் வர்க்கமூலத்தைப் பொறுத்து வளரும். 9 வருடத்தில் 10 மி.மீ. இறங்கியிருந்தால் 36 வருடத்தில் 20 மி.மீ. இப்போது கம்பிக்கு வெளியே இருக்கும் காங்கிரீட்டின் கனத்தை, அதாவது கவரை, பாருங்கள். அந்தக் காலத்தில் நடைமுறையில் இருந்த 1978-ஆம் வருட ஐ.எஸ். 456, அதாவது காங்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை, தளத்துக்கு (ஸ்லாபுக்கு) கேட்டது 15 மி.மீ. தான். அதே கணக்கில் 20 வருடத்திலேயே கம்பியைத் தொட்டுவிடும். 2000-ஆம் வருடப் பதிப்பு கடலோரச் சூழலில் 45 மி.மீ. கேட்கிறது. அந்நாளைய பொறியாளர்கள் தப்புச் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை, விதி அப்படித்தான் இருந்தது.

இதுவரை எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே போனது. குழப்பம் இரண்டாவது கட்டடத்தில் ஆரம்பித்தது. ஹால் தளத்தில் ஃபீனால்ஃப்தலீன் நிறமே மாறவில்லை, கம்பி வரைக்கும் காரம் இல்லாமல் போயிருந்தது, ஆனால் கம்பியில் லேசான துருதான். பாத்ரூமுக்குக் கீழே இருக்கும் தளத்தில் அழகாக ரோஸ் நிறம் வந்தது. அங்கே கம்பி பொருக்குப் பொருக்காக உரிந்துகொண்டிருந்தது! காரம் போன இடத்தில் கம்பி நன்றாக இருக்கிறது, காரம் இருக்கும் இடத்தில் கெட்டுப்போயிருக்கிறது. சோதனையைத்தான் தப்பாகச் செய்கிறேன் என்று நினைத்து மூன்று முறை திரும்பச் செய்தேன்.

விடை கிடைத்தது அந்த வீட்டு அம்மாவிடம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. முதல் நாள் டிரில்லிங் மெஷினோடு போனபோது, "சுவத்துல ஓட்டை போடவா வந்திருக்கீங்க தம்பி?" என்று வாசலிலேயே நிறுத்தினவர். நான் குழம்பி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "மேல்வீட்டு பாத்ரூம் தண்ணி பூரா போர் தண்ணிதானே தம்பி, வாயில வைக்க முடியாது, உப்பு" என்றார். அப்போதுதான் உறைத்தது. நனைந்தே இருக்கும் காங்கிரீட்டில் துளைகள் நீரால் அடைந்திருப்பதால் கார்பன் டை ஆக்ஸைடு மெதுவாகத்தான் போகும், அதனால் காரம் மிஞ்சியிருக்கிறது. ஆனால் நானி ட்ராப்பை, அதாவது பாத்ரூம் தரையில் தண்ணீர் இறங்கும் வடிகால் பொருத்தியை, சுற்றி வருடக்கணக்காகக் கசிந்த உப்புத் தண்ணீர் உப்பிலுள்ள குளோரைடைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. குளோரைடு இருந்தால் காரம் இருக்கும்போதே அந்தப் படலம் உடையும். ஹாலில் காரம் போனாலும் ஈரம் இல்லாததால் துரு மெதுவாகத்தான் வளர்கிறது. ஆழத்துக்கு ஆழம் தூள் எடுத்து, குளோரைடை அளக்கும் சில்வர் நைட்ரேட் டைட்ரேஷன் செய்தோம். பாத்ரூம் தளத்துக் குளோரைடு ஹாலைவிடப் பல மடங்கு.

அந்த அம்மா இன்னொன்றும் கொடுத்தார். 1987-இல் குடிவந்த நாளிலிருந்து எழுதிவரும் வரவு செலவு நோட்டுகள். எந்த வருடம் எந்த மூலையில் ஓதம் இறங்கியது, எப்போது காரை விழுந்தது, கொத்தனார் கூலி எவ்வளவு, மேல்வீட்டுக்காரர் பங்கு கொடுத்தாரா, எல்லாம் இருந்தது. நான் இரண்டு வாரம் அதை உட்கார்ந்து படித்தேன். ஒட்டுப்போட்ட இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று வருடத்தில் காரை விழுகிறது, அங்கே ஒட்டினால் அதற்கு அடுத்த இடம், இப்படியே நகர்ந்துகொண்டு போகிறது. இதற்குத் துறையில் ஒரு விளக்கம் உண்டு. துருப்பிடிக்கும் இடம் தன்னைக் கரைத்துக்கொண்டு பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். அதைப் புதுக் கலவையால் மூடியதும் அந்தப் பாதுகாப்பு நின்றுபோய், உப்பு ஏறிய பழைய காங்கிரீட்டில் இருக்கும் பக்கத்துக் கம்பி துருப்பிடிக்க ஆரம்பிக்கும். துறையில் பேசப்படும் விஷயம், ஒரு வீட்டு நோட்டில் தேதியோடு இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

கேள்வித்தாள் காட்டாதது இந்த இடத்தில்தான் தெரிந்தது. பணம் செலவாகியிருக்கிறது, வருடாவருடம். ஆனால் கீழ்வீட்டுக்காரர் கூரையில் ஒட்டுகிறார், கசிவு மேல்வீட்டு பாத்ரூமில். மேல்வீட்டுக்காரர் என் தரை நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார். இரண்டும் ஒரே காங்கிரீட். பொதுநிதியிலிருந்து வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள், மோட்டாருக்குச் செலவழிப்பார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கும் அந்தத் தளத்துக்கு மட்டும் பொறுப்பாளர் கிடையாது. ஆய்வேட்டின் மையமே அதுதான் என்று முடிவுசெய்து, தலைப்பை மாற்ற மறுபடியும் கமிட்டிக்குப் போனேன்.

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்பு இடிந்தது. விரிசலைக் கவனித்த மக்கள் முன்பே வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். அன்று எந்தக் கருவியும் அவர்களுக்குச் சொல்லவில்லை, குடியிருந்தவர்களின் கண்தான் சொன்னது. குடியிருப்பவர்களின் குறிப்புகளை ஒரு தனி அத்தியாயமாக வைக்க வேண்டும் என்று நான் உறுதியானது அதன் பிறகுதான்.

கட்டுரை வெளியிட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் இதழ் மூன்றே கட்டடம் போதாது என்று திருப்பி அனுப்பியது. இரண்டாவது இதழில் பொதுமைப்படுத்தும் வரிகளையெல்லாம் வெட்டிவிட்டு, மூன்று கட்டடங்களின் நெருக்கமான ஆய்வு என்றே சொல்லி அனுப்பினேன். நோட்டிலிருந்த தேதிகளையும் குளோரைடு அளவுகளையும் ஒரே வரைபடத்தில் போட்டேன். ஒரு வருடம் இழுத்து ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாம் முறை வந்த மதிப்பாய்வாளரின் கேள்விகள் என் ஆய்வேட்டையே மேம்படுத்தின என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

2024-இல் பொது வைவா, அதாவது எல்லோர் முன்னிலையிலும் நடக்கும் வாய்மொழித் தேர்வு. அந்த அம்மா பேத்தியோடு வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். காரை விழும் இடம் நகர்ந்து போனதற்கு ஆதாரம் எங்கே என்று வெளித்தேர்வாளர் கேட்டபோது நோட்டின் பக்கங்களைத் திரையில் காட்டினேன். அவர் தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். அப்புறம் ஹாஃப் செல் அளவுகளை, அதாவது கம்பி துருப்பிடிக்கிறதா என்று மின்னழுத்தத்தை வைத்துக் காட்டும் அளவுகளை, கேட்டார். மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போன, அதாவது துருப்பிடிக்க அதிக வாய்ப்புள்ள, இடங்களும் நோட்டில் அடுத்து விழுந்த இடங்களும் பெரும்பாலும் ஒன்றாக இருந்தன, ஒத்துவராத நான்கு இடங்களையும் காட்டினேன். அந்த நான்கைப் பற்றித்தான் 20 நிமிடம் பேசினோம்.

வைவா முடிந்த மாதமே அந்த அம்மாவின் குடியிருப்புக்கு 6 பக்கத்தில் தமிழில் ஒரு அறிக்கை எழுதிக் கொடுத்தேன். பாத்ரூம் தளங்களைப் பொதுச்சொத்தாகக் கருதி, மேலே இருந்து வாட்டர் ப்ரூஃபிங் செய்யும் செலவைச் சங்க நிதியிலிருந்து எடுக்கலாமா என்று பொதுக்குழுவில் மூன்று ஞாயிற்றுக்கிழமை விவாதம் நடந்தது. மாடியில் இருக்கும் இரண்டு பேர் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் தீர்மானம் போட்டு, முதலில் நான்கு பாத்ரூம்களை எடுத்திருக்கிறார்கள். டைல்ஸை எடுத்து, நானி ட்ராப்பை மாற்றி, தண்ணீர் தேக்கிச் சோதித்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கீழ்வீட்டுக் கூரையைத் தொட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். போன வாரம் முதல் பாத்ரூமில் தண்ணீர் தேக்கினார்கள். 48 மணி நேரம் கழித்தும் கீழே ஈரம் இல்லை என்று அந்த அம்மா போன் செய்து சொன்னார்.