கேட்க ஒன்றுமில்லாமல் போன வேளாங்கண்ணி

வேளாங்கண்ணிக்கு நான் போகாத வருஷம் குறைவு. ஒவ்வொரு முறையும் ஒரு பட்டியலோடுதான் போவேன்: வேலை, வீட்டுக் கடன், மகளுக்கு காலேஜ் சீட். கேட்டது கிடைத்தால் மெழுகுவர்த்தி, கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் கொஞ்சம் பெரிய மெழுகுவர்த்தி. இந்த ஜனவரியில் நாகப்பட்டினத்தில் பஸ் ஏறியபோதுதான் உறைத்தது, இந்தத் தடவை கேட்க என்னிடம் எதுவுமே இல்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது துபாயிலிருந்து அண்ணன் அனுப்பிய பணத்தில் 30,000 ரூபாயை எடுத்து என் சீட்டுத் தவணையைக் கட்டிவிட்டு, மருந்துக்குச் செலவானதாகக் கணக்குச் சொன்னேன். அப்பா போய்ச் சேர்ந்தார். அப்புறம் நாலு வருஷம் ஞாயிறு பூசை தவறியதில்லை, நற்கருணை வாங்கத் தவறியதில்லை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் 'கோபப்பட்டேன், பொய் சொன்னேன்' என்று மொத்தமாக ஓட்டிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். போன தவக்காலத்தில்தான் எங்கள் பங்குக் கோயிலில் முழுசாக வாய் திறந்தேன். சாமியார் திட்டவில்லை. பாவமன்னிப்புக் கொடுக்கும் முன் ஒன்றே ஒன்று கேட்டார்: "அண்ணன்கிட்ட எப்பச் சொல்லப் போறீங்க?"

அன்று ராத்திரியே போன் போட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்பா அப்பவே சொல்லிட்டார்டா. நீயா சொல்லுவேன்னுதான் இருந்தேன்" என்றார். அவ்வளவுதான். நாலு வருஷமாக எல்லாம் தெரிந்தும் ஊருக்கு வரும்போதெல்லாம் என் பிள்ளைகளுக்குச் சாக்லேட்டும் எனக்குச் சட்டையும் வாங்கி வந்திருக்கிறார் மனுஷன்.

சரி, வேளாங்கண்ணிக்கு வருவோம். பேராலயத்திலிருந்து மாதா குளம் வரைக்கும் மணல் பாதை. வேண்டுதல் உள்ளவர்கள் அதில் முட்டி போட்டே போவார்கள். வெயில் ஏறிவிட்டால் மணல் சுடும் என்று விடியற்காலையிலேயே வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினேன். எனக்கு முன்னால் ஒரு மலையாளத்துப் பாட்டி, கையில் ஜெபமாலை, பத்தடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். மேலே பொலபொலவென்று இருக்கும் மணலில் முட்டி பதிந்ததும் அடியில் கிடக்கும் சிப்பித் துண்டு சுருக்கென்று குத்தும். இதை நான் இதுவரை கடன் கட்டுகிற மாதிரிதான் செய்திருக்கிறேன். நீ கொடு, நான் முட்டி தேய்க்கிறேன். அன்றைக்குக் கட்ட வேண்டிய பாக்கி இல்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை, ஆனாலும் எழுந்து நடக்க மனசு வரவில்லை.

யூத மதச் சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடிக்கும் பரிசேயர்களில் ஒருவரான சீமோன் வீட்டு விருந்து ஞாபகம் வந்தது. பைபிளில் லூக்கா 7ஆம் அதிகாரம். விருந்துக்குக் கூப்பிட்ட சீமோன், இயேசுவின் கால் கழுவத் தண்ணீர்கூட வைக்கவில்லை. ஊரே பாவி என்று ஒதுக்கிய பெண் கண்ணீரால் அந்தக் கால்களை நனைத்துக் கூந்தலால் துடைக்கிறாள். அப்போது இயேசு சொல்லும் கதையில் ஒருவனுக்கு 500 தெனாரியம் கடன், இன்னொருவனுக்கு 50. ஒரு தெனாரியம் என்பது ஒரு நாள் கூலி, அப்படியென்றால் ஒன்றரை வருஷக் கூலியையும் இரண்டு மாசக் கூலியையும் தள்ளுபடி செய்கிறார் கடன் கொடுத்தவர். அதிகம் தள்ளுபடி ஆனவன்தான் அதிகம் அன்பு செய்வான் என்பதைத்தான் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். ஆனால் இரண்டு பேர் கையிலும் காசில்லை என்று அதே கதையில் இருக்கிறது. அதை நான் கவனித்ததே இல்லை. 50காரனாலும், அதாவது சீமோனாலும், கட்ட முடியவில்லை. அந்த நாலு வருஷமும் நான் சீமோனாகத்தான் இருந்திருக்கிறேன். கடன் குறைவாக இருந்ததால் இல்லை, குறைத்து எழுதி வைத்திருந்ததால். பூசைக்குப் போனேன், காணிக்கை போட்டேன், கடவுளிடம் மரியாதை இருந்தது, பயமும் இருந்தது. பிரியம் என்று ஒன்று இருந்ததா? சொல்லத் தெரியவில்லை.

மாதா குளம் போய்ச் சேர்ந்து முட்டியைப் பார்த்தால் சிவந்து, மணல் அப்படியே ஒட்டிக் கிடந்தது. பின்னாலேயே செருப்புகளைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்த என் மனைவி பாட்டில் தண்ணீரை முட்டியில் ஊற்றிவிட்டு, "என்ன வேண்டிக்கிட்டீங்க?" என்றாள்.

"ஒண்ணும் வேண்டிக்கல."

"இவ்வளவு தூரம் முட்டி போட்டு வந்துட்டு ஒண்ணுமா கேக்கல? என் இடுப்பு வலிக்காவது கேட்டிருக்கலாம்ல?"