இடது மூலைக்குப் போகும் கை

ஹட்டனில் நான் கணினி கற்பிக்கும் சிறிய அறைக்கு, தேயிலைத் தோட்டக் காரியாலயத்தில் நெடுங்காலம் செக்ரோல் என்ற தொழிலாளர் வருகைப் பதிவேட்டை எழுதி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வருகிறார். விண்டோஸ் 11 உள்ள கணினியின் முன் முதன்முதலாக அமர்ந்தபோது, அவரது கை தானாகவே திரையின் இடது கீழ்மூலைக்குச் சென்று, அங்கே ஸ்டார்ட் பொத்தானைக் காணாமல் திகைத்து நின்றது. "தம்பி, இங்க இருந்தது எங்க போச்சு?" என்று கேட்டார்.

2021 ஒக்டோபரில் வெளிவந்த அந்தப் பதிப்பில் பொத்தான்கள் நடுவுக்கு நகர்ந்துவிட்டன. அமைப்புகளுக்குள் சென்று அவற்றை மீண்டும் இடப்பக்கம் கொண்டுவர ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது. அவரை உண்மையில் தடுமாற வைத்தது வலது கிளிக் மெனுதான். வெட்டுதல், நகலெடுத்தல், ஒட்டுதல் ஆகியவற்றுக்கு அங்கே சொற்கள் இல்லை, சிறு படங்களே இருந்தன. எழுத்தை வாசித்தே வேலை பழகியவருக்கு, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரண்டு தாள்களின் படம் நகலெடுப்பதைக் குறிக்கிறது என்று எப்படிப் புலப்படும்? 2024 இல் வந்த 24எச்2 புதுப்பிப்பில் அப்படங்களுக்கு அடியில் பெயர்களும் சேர்க்கப்பட்டன.

2012 இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பொத்தானை நீக்கியதும், பயனர்களின் அதிருப்திக்குப் பின் அது மறு ஆண்டே 8.1 இல் திரும்பியதும் நினைவிருப்பதால், பழக்கத்தைப் பிடிவாதம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

நகலெடுக்கவும் ஒட்டவும் விசைப்பலகையில் அழுத்தும் கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி என்ற இரண்டையும் அவர் தமது கொப்பியின் பின்னட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்.